கடைவாசலில் ஓர் இரவு

பிரயாணம் என்றவுடன் நம் வீட்டுப் பெண்மணிகள் முதலில் கேட்கும் கேள்வி, "ராத்தங்கல் எங்கே?" என்பதுதான். போகும் ஊர் எது, பார்க்கும் இடம் எது என்பவையெல்லாம் அதற்குப் பின்புதான். ரயில் நிலையத்தில் இரவு டியூட்டி பார்க்கும் என்னைப் போன்ற குமாஸ்தாவுக்கு அக்கேள்வியின் அருமை நன்கு தெரியும். நள்ளிரவில் ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பவர்களில் பாதிப்பேர் வண்டி எப்போது வரும் என்று கேட்பார்கள். மற்றப் பாதிப்பேர், அதுவரை எங்கே படுப்பது என்று கேட்பார்கள்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் இக்கேள்விக்கு விநோதமானதொரு விடை வழக்கத்தில் இருக்கிறது. வீடு போல் அமைந்த வண்டியில் ஊர் சுற்றுவோர், பெரிய பலசரக்குக் கடையின் வாசலிலுள்ள வண்டி நிறுத்தும் மைதானத்தில் இரவைக் கழித்துவிட்டுப் பொழுது புலர்ந்ததும் போய்விடுகிறார்கள். வாடகை இல்லை; சீட்டு இல்லை; பெயர் எழுதும் புத்தகமும் இல்லை. நம் சங்கத்து அன்பர் பலருடைய பிள்ளைகள் இன்று அந்நாட்டில் உத்தியோகம் பார்க்கிறார்கள். கோடையில் அங்கே போய்வரும் பெற்றோரும் பெருகி வருகிறார்கள். ஆதலால் இஃது ஏட்டுச் சுரைக்காயாகப் போகாது என்று நம்பி இம்மாதம் இதனை எழுதுகிறேன்.

முதலில் வண்டி. நம் நாட்டில் சினிமாப் படப்பிடிப்புக்கு நடிகர்கள் கொண்டுவரும் 'கேரவன்' என்னும் வண்டியை அன்பர்கள் பார்த்திருக்கலாம். அதனையே குடும்பத்தோடு ஊர் சுற்றுவதற்கென்று அமைத்தால் எப்படியிருக்குமோ, அதுவே அமெரிக்கரின் மோட்டார் வீடு. பஸ் அளவுக்குப் பெரியதும் உண்டு. வேன் அளவில் சிறியதும் உண்டு. காரின் பின்னால் கட்டி இழுத்துச் செல்லும் வகையும் உண்டு. உள்ளே படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி, கழிவறை எல்லாம் அடக்கம். நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி. குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் சேர்வதற்கு மற்றொன்று. கழிவறைக்கென்று தனியே இன்னொன்று. சிலிண்டர் வாயு அடுப்பை எரிப்பதோடு, பல வண்டிகளில் குளிர்ப்பெட்டியையும் இயக்குகிறது. விளக்குக்குப் பாட்டரி. ஆகவே வெளியிலிருந்து மின்சாரமோ தண்ணீரோ பெறாமலே ஓரிரு நாள் காலந்தள்ள இயலும். அயோவா மாநிலத்துப் பாரஸ்ட் சிட்டி என்னும் சிற்றூரில் தோன்றிய வின்னிபேகோ கம்பெனி 1966-இல் மோட்டார் வீடுகளைச் செய்யத் தொடங்கியது. பின்னர் அக்கம்பெனியின் பெயரே அவ்வண்டிக்குப் பெயராக வழங்குமளவுக்கு அது பரவிற்று. கொள்ளைநோய்க் காலத்தில் ஓட்டலுக்கும் விமானத்துக்கும் அஞ்சியவர்கள் இவ்வண்டிகளை நாடியதால், 2021-ஆம் ஆண்டில் மட்டும் இழுவை வண்டிகள் உட்பட ஆறு லட்சம் வண்டிகள் தொழிற்சாலைகளிலிருந்து வெளிவந்தன.

வெளியுதவி எதுவுமின்றி வண்டிக்குள்ளேயே இவ்வாறு பொழுது போக்குவதற்கு அவர்கள் 'பூன்டாக்கிங்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். பிலிப்பைன் நாட்டுத் தகலோக் மொழியில் 'பூன்டோக்' என்றால் மலை. அங்கே போரிடச் சென்ற அமெரிக்கச் சிப்பாய்கள் அச்சொல்லைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஆள் நடமாட்டமற்ற காட்டையும் மேட்டையும் குறித்து வந்த அது, இன்று கடைவாசலின் தார்த்தரைக்கும் வழங்குகிறது. சொற்களும் நம்மைப் போலவே இடம்பெயர்ந்து புதுப் பிழைப்புத் தேடிக்கொள்கின்றன போலும்.

இனி, வீட்டையே கையோடு கொண்டு போகிறவர் பிறர் வாசலில் ஏன் படுக்க வேண்டும்? குமாஸ்தா புத்தியால் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குச் சாலை வழியே ஏறக்குறைய 4,500 கிலோமீட்டர். பெரிய மோட்டார் வீடு லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் ஓடினால் அதுவே நல்ல ஓட்டம். ஆக எரிபொருள் மட்டும் 1,100 லிட்டருக்கு மேல். நாளொன்றுக்கு 700 கிலோமீட்டர் ஓட்டினாலும் வழியில் ஆறு இரவுகள் தங்கியாக வேண்டும். இவ்வண்டிகளுக்கென்றே கட்டண முகாம்கள் உண்டு. அங்கே மின்சாரம், தண்ணீர், கழிவு வெளியேற்றும் குழாய் எல்லாம் கிடைக்கும். இரவொன்றுக்கு 50 டாலர் என்று வைத்துக்கொண்டாலும் ஆறு இரவுக்கு 300 டாலர். அன்றியும் அம்முகாம்கள் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும், முன்பதிவு வேண்டும். தேசிய வனப் பூங்காக்களிலுள்ள முகாம்கள் பலவற்றில் ஆறு மாதத்துக்கு முன்பே இடம் பதிவாகத் தொடங்கிவிடும். (நம் ரயில்வேயில் 2024 நவம்பர் முதல் முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்தார்கள். அதற்கே என் ஜன்னலில் எத்தனை வாக்குவாதம்!) இரவு பத்து மணிக்கு வந்து காலை ஆறு மணிக்குப் புறப்படும் வழிப்போக்கருக்கு அவ்வளவு ஏற்பாடும் அவ்வளவு செலவும் பாரமாகவே தோன்றுகின்றன. கண்ணயர ஒரு சமதளம், தலைக்கு மேல் ஒரு விளக்கு, அருகே பாலும் ரொட்டியும் கிடைக்குமிடம். இவ்வளவே அவர் வேண்டுவது. மூன்றும் ஒருங்கே அமைந்த இடம் கடைவாசல்.

கட்டண முகாம்களில் பெயர்பெற்ற 'கே.ஓ.ஏ.' என்னும் ஸ்தாபனம் 1962-இல் மான்டானா மாநிலத்துப் பில்லிங்ஸ் நகரில் பிறந்தது. அதே 1962-இல், ஜூலை 2-ஆம் தேதி, ஆர்க்கன்சா மாநிலத்து ராஜர்ஸ் என்னும் ஊரில் சாம் வால்டன் என்பவர் முதல் வால்மார்ட் கடையைத் திறந்தார். காசு வாங்கி இடம் தரும் முகாமும், காசு வாங்காமல் இடம் தரும் கடையும் ஒரே ஆண்டுப் பிள்ளைகள்! சாம் வால்டன் 1992-இல் காலமானார். இன்று அந்நாட்டில் அவர் கடையின் கிளைகள் சுமார் 4,600. இரவு தங்குவதைக் குறித்து அக்கம்பெனி வெளியிட்டுள்ள அறிவிப்பின் சாரம் இது: மின்சாரம் முதலிய வசதிகள் எங்களிடம் இல்லை, ஆயினும் மோட்டார் வீட்டில் வருவோரை நல்ல வாடிக்கையாளராக மதிக்கிறோம், இடம் இருந்து, உள்ளூர்ச் சட்டமும் தடுக்காவிடில், அந்தந்தக் கடையின் மானேஜர் அனுமதி தருவார், ஆதலால் அவரை முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நாடு முழுவதும் சாலைப் படம் அச்சிடும் ராண்ட் மெக்நாலி கம்பெனி, வால்மார்ட் கடைகளின் விலாசங்களையும் சேர்த்து ஒரு தனிப் பதிப்பே வெளியிட்டிருக்கிறது என்றால், வழிப்போக்கருக்கு அக்கடைகள் எவ்வளவு பயன்படுகின்றன என்பதை ஊகித்துக்கொள்ளலாம். வால்மார்ட் ஒன்றுதான் என்றில்லை. கிராக்கர் பாரல் என்னும் சாப்பாட்டுக் கடைகளிலும், லாரிக்காரர்கள் நாடும் ஃபிளையிங் ஜே பெட்ரோல் நிலையங்களிலும், சூதாட்ட விடுதிகளின் வாசலிலும்கூட இவ்வழக்கம் உண்டு.

இலவசமாக இடம் கொடுப்பதற்குக் கடைக்காரரின் தயாளம் மட்டும் காரணமன்று. இடம் ஏராளமாகக் கிடக்கிறது என்பதும் காரணம். அமெரிக்க நகரசபைகள் பல, ஆயிரம் சதுர அடிக் கடைக்கு நான்கோ ஐந்தோ வண்டி நிற்க இடம் விடவேண்டுமென்று கட்டட விதி வகுத்தன. வால்மார்ட்டின் பெரிய கடை சராசரி 1,80,000 சதுர அடி. அவ்விதிப்படி கணக்கிட்டால் எழுநூறு முதல் தொள்ளாயிரம் வண்டிகளுக்கு இடம் வேண்டும். அவ்வளவும் நிரம்புவது கிறிஸ்துமஸை ஒட்டிய சில நாட்களில்தான். மற்ற நாட்களில், அதிலும் இரவில், அது வெறும் பொட்டல். டொனால்ட் ஷூப் என்னும் பேராசிரியர் இவ்விதிகளின் கேட்டை விளக்கி 2005-இல் ஒரு பெருநூல் எழுதினார். 2025-இல் அவர் காலமாவதற்குள் நகரங்கள் சில அவர் சொல்லுக்குச் செவிசாய்த்துவிட்டன. நியூயார்க் மாநிலத்துப் பஃபலோ நகரம் 2017-இல் இவ்விதியையே நீக்கிற்று. இலவசமாகக் கிடைக்கும் தார்த்தரைக்கு உண்மையில் விலையுண்டு, அதை எல்லோரும் சேர்ந்து பொருள்களின் விலையில் கொடுக்கிறோம் என்பது அவர் வாதம். வழிப்போக்கருக்கு அப்பொட்டல் எப்படிப் பயன்படுகிறது என்பது வேறு கதை.

இனி, அங்கே தங்கும் முறை. இதில் எழுதப்பட்ட சட்டத்தைவிட எழுதப்படாத மரியாதையே பெரிது. பல ஆண்டு அனுபவமுள்ள வண்டிக்காரர்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட ஒழுங்கு அது. முதலாவது, உள்ளே போய் மானேஜரைக் கேட்பது. 'இரவில் நிறுத்தலாகாது' என்று பலகை தொங்கினால், கேட்பதற்கும் இடமில்லை என்று வேறு கடைக்குப் போய்விடுவது நல்லது. கடை நிற்கும் நிலம் பல இடங்களில் வேறொருவருக்குச் சொந்தம், அவருடைய ஆட்கள் வண்டியை இழுத்துப் போய்விட்டால் மீட்பதற்கு ஆகும் செலவில் ஒரு வாரம் முகாமில் தங்கலாம். இரண்டாவது, மைதானத்தின் கோடியில் ஒதுங்கி நிற்பது. சரக்கு லாரி வரும் வழியை அடைக்காமல் இருப்பது. மூன்றாவது, நாற்காலி போடாமை, பந்தல் விரியாமை, வெளியே அடுப்பு மூட்டாமை. உறங்குவதற்குத்தான் இடம் கொடுத்தார்கள், குடித்தனம் செய்வதற்கன்று. வண்டியைச் சமனாக நிறுத்த இரும்புக் கால்களை இறக்கினால் வெயிலில் இளகிய தாரில் குழி விழும். ஆதலின் அதையும் தவிர்ப்பார்கள், அல்லது அடியில் பலகை வைப்பார்கள். கழிவுத் தொட்டியை அங்கே திறப்பது மகாபாதகம். ஓர் இரவுக்கு மேல் தங்குவதில்லை. புறப்படுமுன் கடையில் ஏதேனும் வாங்கிக்கொள்வார்கள். தங்கள் குப்பையோடு பிறர் போட்ட குப்பையையும் பொறுக்கிச் செல்வோர் உண்டு.

உறக்கம் சுகமாக வரும் என்று எண்ணவேண்டாம். உயர்ந்த கம்பங்களில் விளக்குகள் விடியுமளவும் எரியும். நடுச்சாமத்தில் மைதானம் பெருக்கும் இயந்திரம் உறுமிக்கொண்டு வரும். பக்கத்தில் குளிர்சாதன லாரி நின்றால் அதன் இரைச்சல் வேறு. புகை உள்ளே புகுந்து கார்பன் மோனாக்சைடு நஞ்சாகிவிடாதபடி, அதைக் கண்டறிந்து மணியடிக்கும் கருவியை வண்டியில் பொருத்தி வைத்திருப்பார்கள். முன்பெல்லாம் வால்மார்ட் கடைகளில் பெரும்பாலானவை இரவு முழுவதும் திறந்திருந்தன. எந்நேரமும் உள்ளே போய்வரலாம். 2020 மார்ச்சில், கொள்ளைநோய் தொடங்கியபோது, அவ்வழக்கத்தை நிறுத்தினார்கள். இன்று பெரும்பாலும் காலை ஆறு முதல் இரவு பதினொன்று வரைதான். அதனால் இரவில் கழிவறைக்குக் கடையை நம்பியிருந்த சிறு வண்டிக்காரர்கள் திண்டாடிப் போனார்கள்.

நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர், தபாலாபீசிலிருந்து ஓய்வுபெற்றவர், சென்ற கோடையில் மகன் குடும்பத்தோடு இப்படியொரு வண்டியை வாடகைக்கு எடுத்துப் போய் வந்தார். "ஐயா, கடைக்காரர் விரட்டவில்லையா?" என்று கேட்டேன்.

"விரட்டுவதாவது! மானேஜர் ஒரு அம்மாள். 'மரத்தோரமாகப் போய் நிறுத்திக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார், தம்பி. என் வீட்டுக்காரிக்குத்தான் பொறுக்கவில்லை. பிறத்தியார் வாசலில் சும்மா படுப்பதா என்று, கடை மூடுகிற நேரத்தில் உள்ளே போய் வேண்டாத ஒரு கம்பளியை வாங்கிக்கொண்டு வந்தாள்" என்றார்.

அவர் சொன்ன மற்றொரு செய்திதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. அதே மைதானத்தில், நான்கைந்து வண்டிக்கு அப்பால், கண்ணாடிகளைத் துணியால் மறைத்த பழைய கார் ஒன்று நின்றதாம். உள்ளே ஒரு தாயும் பள்ளிக்குப் போகும் வயதுப் பெண் குழந்தையும். இரவு காவற்காரர் வந்தார். பெரியவரின் வண்டியைக் கடந்து போனார். அந்தக் காரின் கண்ணாடியைத் தட்டினார். சற்று நேரத்தில் கார் கிளம்பிப் போய்விட்டது. "எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, தம்பி. அவர்களும் படுத்துத்தான் இருந்தார்கள், நாங்களும் படுத்துத்தான் இருந்தோம்" என்றார் பெரியவர். கடையின் பெயரும் ஊரின் பெயரும் இங்கே வேண்டா. இது பல ஊர்களில் நடப்பதே.

இதைக் கேட்டபின் எனக்கு எங்கள் ஸ்டேஷன் வெயிட்டிங் ஹாலே நினைவுக்கு வந்தது. அங்கே ஏழை, பணக்காரர் என்று பார்ப்பதில்லை. டிக்கெட் உண்டா, இல்லையா என்பதே கேள்வி. கந்தல் கட்டியவரானாலும் டிக்கெட்டைக் காட்டினால் இரவு பன்னிரண்டு மணிக்கு அவரை எழுப்ப எனக்கு அதிகாரம் கிடையாது. அந்தத் துண்டுச் சீட்டு எத்தனை பெரிய கவசம் என்பதை ஜன்னலுக்கு உள்ளே இருப்பவன்தான் அறிவான். நெடுஞ்சாலைத் தாபாவில் ஒரு வேளை ரொட்டியும் பருப்பும் சாப்பிட்ட லாரிக்காரருக்குக் கயிற்றுக் கட்டில் தரும் வழக்கத்தை நாம் வடநாட்டில் பார்த்திருக்கிறோமே, அங்கும் சாப்பாடே டிக்கெட். அமெரிக்கக் கடைவாசலில் டிக்கெட் என்பதே இல்லை. ஆகவே காவற்காரர் வண்டியைப் பார்த்து ஆளை எடைபோடுகிறார். லட்ச டாலர் வண்டியில் உறங்குகிறவர் பிரயாணி. பழைய காரில் உறங்குகிறவர் தொந்தரவு.

அந்தத் தொந்தரவு என்று கருதப்படுவோர் ஒருவர் இருவரல்லர். 2024 ஜனவரியில் ஓர் இரவு நாடு முழுதும் எடுத்த கணக்கில் வீடற்றவர்கள் 7,71,480 பேர். அவர்களில் பலருக்குக் காரே வீடு. வேலைக்குப் போகிறவர்களும் அவர்களில் உண்டு. ஊதியம் வாடகைக்கு எட்டாமையே குறை. 2008-இல் வந்த பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் வீட்டையும் சேமிப்பையும் இழந்து, முதிய வயதில் வண்டியிலேயே வாழ்ந்துகொண்டு பருவந்தோறும் கூலிவேலை தேடி அலைவோரைப் பற்றி ஜெசிக்கா புரூடர் என்னும் பத்திரிகையாசிரியை 2017-இல் 'நோமட்லேண்ட்' என்ற நூலை எழுதினார். அதனைத் தழுவிய படத்துக்கு 2021-இல் ஆஸ்கர் பரிசு கிடைத்தது. இத்தகையோரைப் பிரயாணி என்பதா, வீடற்றவர் என்பதா? அவர்களுள் பலர் இரண்டாவது பெயரை ஏற்பதில்லை.

நீதிமன்றங்களும் இக்கேள்வியில் இடறியிருக்கின்றன. வண்டியில் குடியிருக்கலாகாது என்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 1983-இல் ஒரு சட்டம் இயற்றியது. 'குடியிருத்தல்' என்றால் என்ன என்று அதில் சொல்லவில்லை. வண்டியில் சாப்பாடோ சொந்தச் சாமானோ வைத்திருக்கும் எவர்மீதும் இதனை ஏவலாம், ஆனால் ஏழைகள் மீது மட்டுமே ஏவுகிறீர்கள் என்று கூறி, ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-இல் அதனைத் தள்ளுபடி செய்தது. பத்தாண்டு கழித்துக் காற்று திசைமாறிற்று. ஆரிகன் மாநிலத்துக் கிராண்ட்ஸ் பாஸ் என்னும் ஊர், பொது இடத்தில் உறங்குவோருக்கு அபராதமும் சிறையும் விதித்த வழக்கில், அது அரசியல் சட்டம் தடைசெய்யும் கொடிய தண்டனையாகாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2024 ஜூன் 28-இல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அதன்பின் பல ஊர்கள் தத்தம் விதிகளை இறுக்கிக்கொண்டன.

இவ்விறுக்கம் வசதியுள்ள வழிப்போக்கரையும் விடவில்லை. காரில் வாழ்வோரை அகற்ற வேண்டும், ஆனால் முகம் பார்த்து அகற்றினால் வழக்கு வரும் என்று அஞ்சும் நகரசபை, வண்டியில் எவருமே இரவு உறங்கலாகாது என்று பொதுவாக விதித்துவிடுகிறது. கட்டண முகாம்காரர்களும் பல ஊர்களில் அதற்கே வற்புறுத்துகிறார்கள். அவர்கள் கூற்றிலும் நியாயம் இல்லாமலில்லை. நிலத்துக்கு வரி கட்டி, கழிவுநீர்க் குழாய் புதைத்து, சுகாதார அதிகாரியின் சோதனைக்கு உட்பட்டுத் தொழில் நடத்துகிறவர், எதிர்ச்சாரியில் ஒருவர் அதே இடத்தை இலவசமாகக் கொடுத்தால் முகம் சுளிப்பது இயல்பே. ஆயினும் பத்து மணிக்கு வந்து ஆறு மணிக்குப் போகிறவர் அவர்களுடைய வாடிக்கையாளர் அல்லர் என்பது என் எண்ணம். அவரை விரட்டினால் அவர் முகாமுக்குப் போகமாட்டார், தூக்கக் கண்ணோடு அடுத்த ஊருக்குத்தான் வண்டியை ஓட்டுவார்.

தகுந்த இடமின்றிப் போவதால் என்ன நேரும் என்பதற்கு அந்நாட்டிலேயே ஒரு துயரமான சான்றுண்டு. லாரி ஓட்டுநர் மொத்தம் பதினொரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டலாகாது, பிறகு பத்து மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். ஆனால் நிறுத்துவதற்கு இடம் போதாது. 2009 மார்ச்சில் ஜேசன் என்ற லாரி ஓட்டுநர், சரக்கு இறக்கும் நேரத்துக்கு முன்பே வந்து சேர்ந்தமையால், தென் கரோலினா மாநிலத்தில் பாழடைந்து கிடந்த ஒரு பெட்ரோல் நிலையத்தில் வண்டியை நிறுத்தி ஓய்வெடுத்தார். அங்கே பணத்துக்காக அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அப்போது அவர் மனைவி கர்ப்பிணி. அப்பெண்மணி ஓயாது வாதாடியதன் பயனாக, லாரிகள் பத்திரமாக நிற்க இடம் அமைப்பதற்கென 2012-இல் 'ஜேசன் சட்டம்' நிறைவேறியது. விளக்கெரியும் ஒரு மைதானமும், நான்கு பேர் கண்பார்வையும் எத்தனை விலைமதிப்பற்றவை என்று இதைவிடத் தெளிவாக எவரும் சொல்லிவிட முடியாது.

காரில் வாழ்வோருக்கும் ஒரு வழியைச் சில ஊர்கள் கண்டிருக்கின்றன. கலிபோர்னியாவில் சான்டா பார்பரா என்னும் கடற்கரை நகரில், 2004 முதல், ஒரு தரும ஸ்தாபனம் இதற்கென ஓர் ஏற்பாடு நடத்தி வருகிறது. மாதா கோயில்களும் அரசாங்க ஆபீசுகளும் இரவில் வெறுமையாகக் கிடக்கும் தங்கள் வண்டி மைதானங்களை ஒதுக்கித் தருகின்றன. ஒவ்வொன்றிலும் சில வண்டிகளுக்கு மட்டுமே இடம். மாலையில் வரவேண்டும், காலையில் போய்விடவேண்டும். வருகிறவரின் பெயர், வண்டி எண் முதலியவற்றைப் பதிந்துகொண்டு அனுமதிச் சீட்டு ஒன்று கொடுக்கிறார்கள். வேலையும் வாடகை வீடும் தேடவும் உதவுகிறார்கள். இதைப் பின்பற்றி மேற்குக் கரையின் வேறு நகரங்களிலும் இத்தகைய மைதானங்கள் தோன்றியுள்ளன. அச்சீட்டை வைத்திருப்பவரின் கண்ணாடியை நடுஇரவில் எவரும் தட்டுவதில்லை. பணமின்றியும் டிக்கெட் கொடுக்கலாம் என்பது இந்த ரயில்வே குமாஸ்தாவுக்குப் புதிய செய்தி. இடம் குறைவு, காத்திருப்போர் பட்டியல் நீளம் என்பது வேறு விஷயம். அது எங்கள் இலாகாவுக்கும் பழக்கமானதே.

நிற்க. வரும் கோடையில் பிள்ளைகளிடம் போகும் அன்பர்கள், மோட்டார் வீட்டில் பிரயாணம் செய்யும் வாய்ப்பு நேர்ந்தால், சில சில்லறை விஷயங்களை நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஊரை அடைந்தபின் தேடாமல், பகலிலேயே அந்தக் குறிப்பிட்ட கடைக்குப் போன் செய்து கேளுங்கள்; ஒரு கிளையில் உண்டு என்றால் அடுத்த கிளையிலும் உண்டு என்று எண்ணவேண்டாம். சுற்றுலாத் தலங்களை ஒட்டிய ஊர்களிலும் கடற்கரை ஊர்களிலும் பெரும்பாலும் மறுப்பார்கள். நெடுஞ்சாலையோரத்துச் சிற்றூர்களில் கிடைப்பது எளிது. மனத்துக்கு ஒவ்வாத இடமாகத் தோன்றினால் கட்டண முகாமுக்கே போய்விடுங்கள். குழந்தைகளையும் முதியோரையும் வைத்துக்கொண்டு ஐம்பது டாலருக்குக் கணக்குப் பார்க்கவேண்டாம். மாலையில் இருக்கும் மானேஜர் இரவில் இருக்கமாட்டார். ஆகையால் அனுமதி கொடுத்தவரின் பெயரையும் அவர் கொடுத்த நேரத்தையும் கேட்டு ஒரு காகிதத்தில் குறித்து, ஓட்டுநர் இருக்கைக்கு அருகே வைத்துக்கொள்ளுங்கள். காவற்காரர் வந்து தட்டினால் காட்டுவதற்கு உங்களிடம் வேறு சீட்டு இராது.